கூண்டு எதற்குச் சாட்சி?

புள்ளி போட்ட புனுகுப்பூனை கிணற்றில் விழுந்ததாகவோ கோழிக்கூட்டில் சிக்கியதாகவோ செய்தி வந்தால், கூடவே இன்னொரு பேச்சும் கிளம்புகிறது. அழிந்துபோனதாகச் சொல்லும் மலபார் புனுகுப்பூனைதான் இது, எங்கோ ஒரு மிருகக்காட்சிசாலையில் வேறு பெயர்ப்பலகைக்குப் பின்னால் அது இன்னும் இருக்கிறது என்ற பேச்சு. கொழிஞ்சாம்பாறை போன்ற எல்லையோர ஊரில் இது இரண்டு மொழியில் பரவும். மலையாளத்தில் வெருகு, தமிழில் புனுகுப்பூனை. தென்னையேறும் மரநாயையும் சிலர் அதே கணக்கில் சேர்த்துவிடுவார்கள். திருச்சூரில் 1885 முதல் இருந்துவந்த மிருகக்காட்சிசாலை புத்தூரின் புதிய பூங்காவுக்கு இடம் மாறியிருக்கும் இந்தக் காலத்தில், எந்தக் கூண்டில் எது இருக்கிறது என்ற ஆவல் கூடுவது இயல்பு. இந்தப் பேச்சைத் தள்ளிவிடவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம். கூண்டில் உண்மையாகவே ஒரு மலபார் புனுகுப்பூனை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது எதை நிரூபிக்கும்? யாரோ ஒருவர் அதைப் பிடித்து அடைத்தார் என்பதை நிரூபிக்கும். நம் காட்டில் அந்த இனம் வாழ்கிறது என்பதை நிரூபிக்காது. இந்தப் பூனையைப் பற்றிய நூற்றைம்பது ஆண்டுக் குழப்பம் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

வரலாற்றைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். கல்கத்தா ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்டு பிளைத், தெற்கு மலபாரிலிருந்து வந்தது என்று 1862இல் இந்த விலங்குக்குத் தனி இனமாகப் பெயர் சூட்டினார். அதே காலத்தில் பாலூட்டிகளைப் பற்றி எழுதிய ஜெர்டான், ஹொன்னாவரிலிருந்து குமரிமுனை வரை மலபார்க் கரையெங்கும் இது உண்டு, திருவிதாங்கூரில் ஏராளம் என்றார். அவ்வளவு ஏராளமான விலங்கு இருபதாம் நூற்றாண்டில் கண்ணில் படுவதே அபூர்வமாகி, 1960களில் அழிவின் விளிம்பில் இருப்பதாகக் கருதப்பட்டது. 1987இல் மலப்புரம் மாவட்டம் எளயூர்ப் பக்கத்தில் மறுபடி தடயம் கிடைத்தது. 1990இல் அதே வட்டாரத்தில் மேலும் இரண்டு தோல்கள் கிடைத்தன. 2006–07இல் கர்நாடகத்திலும் கேரளத்திலும் தானியங்கிக் கேமராக்களைக் கட்டித் தேடினார்கள். ஒரு படம்கூட விழவில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இது 'மிக அருகிய' நிலையில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் இடம் பெற்றிருக்கிறது.

இந்தக் கதையின் சாவி பூனையின் வாலடியில் இருக்கிறது. ஆண், பெண் இரண்டுக்குமே அங்கே ஒரு சுரப்பிப் பை உண்டு. அதிலிருந்து வெண்ணெய் போன்ற ஒரு பசை கசியும். காற்றுப் பட்டதும் கெட்டியாகிக் கறுக்கும். பூனை அதைக் கல்லிலும் மரத்திலும் தேய்த்துவிட்டுப் போகிறது. அருகில் முகர்ந்தால் குமட்டும் இந்தப் பசைதான், துளியளவு கரைத்தால் நறுமணமாகும் புனுகு. அதிசயம் அதன் மூலக்கூறில் இருக்கிறது. புனுகின் மணத்துக்குக் காரணமான சிவெட்டோன் பதினேழு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் ஒரு வளையம். ஐந்தாறு கார்பன் சேர்ந்தால் வளையம் உறுதியாக நிற்கும், எட்டொன்பதைத் தாண்டினால் இழுவை தாங்காமல் அறுந்துவிடும் என்று வேதியியலாளர்கள் நம்பியிருந்த காலத்தில், 1926இல் லியோபோல்டு ருசிக்கா இந்தப் பெரிய வளையத்தைக் கண்டு காட்டினார். கார்பன்கள் ஒரே தளத்தில் தட்டையாக நிற்க வேண்டும் என்ற எண்ணம்தான் தவறு. வளையம் பெரிதாக இருந்தால் அது மடங்கி நெளிந்து இழுவையைத் தவிர்த்துக்கொள்கிறது. பெரிய வளையங்களைப் பற்றிய இந்த ஆய்வும் சேர்ந்தே அவருக்கு 1939இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. மூலக்கூறு கனமானது, மெதுவாகத்தான் ஆவியாகும். மல்லிகை மணம் மாலைக்குள் போய்விடும்; பூனை தேய்த்த புனுகோ, பூனை போன பிறகும் நாள்கணக்கில் 'இங்கே வந்தேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். காட்டில் அந்த வேலைக்குத்தான் அது உண்டானது. மனிதனுக்கு அதே குணம் வேறு விதத்தில் உதவியது. மற்ற மணங்கள் பறந்துவிடாமல் பிடித்துவைக்கும் பிடிமானம் புனுகில் இருந்ததால், அத்தர்க்காரர்களும் வைத்தியர்களும் கோயில்களும் அதைத் தேடினார்கள். திருப்பதி மூலவருக்குச் சாத்தும் புனுகு எல்லோரும் அறிந்தது.

இந்தப் பசைக்காகப் பூனையைக் கொல்ல வேண்டியதில்லை. உயிரோடு கூண்டில் வைத்து, அது கட்டையில் தேய்த்ததையோ பையில் சுரந்ததையோ வழித்தெடுத்தால் போதும். அதனால் புனுகோடு பூனையும் சரக்கானது. அரபிக்கடலின் இரு கரையிலும் புனுகு வியாபாரம் நடந்தது. ஆப்பிரிக்கப் புனுகுப்பூனையை எத்தியோப்பியாவில் இன்றும் கூண்டில் வளர்க்கிறார்கள். கேரளத்திலும் சிறிய புனுகுப்பூனையைக் கூண்டில் வைத்திருந்த வீடுகள் உண்டு. கோழிக்கோடு போன்ற துறைமுகத்தில் மிளகும் சந்தனமும் ஏறி இறங்கியபோது கூண்டுப் பூனையும் ஏறி இறங்க இடமிருந்தது. அப்படியானால் மலபாரிலிருந்து போன ஒரு தோல், மலபார்க் காட்டில் பிறந்த பூனையின் தோலாகத்தான் இருக்க வேண்டுமா?

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையை நினைத்துப் பாருங்கள். கர்நாடக மாடு, ஆந்திர மாடு, காங்கேயம் எல்லாம் அங்கே ஒரே வரிசையில் நிற்கும். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துச் சாலைகள் வழியாகக் கேரளத்துக்கு அவை லாரி ஏறிப் போவதைப் பார்க்காதவர்கள் இந்த வட்டாரத்தில் இல்லை. ஊர் தெரியாத ஒருவர் சந்தை நாளில் மட்டும் வந்து ஒரு மாட்டை வாங்கி, தோலைப் பதப்படுத்தி லண்டனுக்கு அனுப்புகிறார். 'பொள்ளாச்சி மாடு, தனி இனம்' என்று சீட்டு எழுதுகிறார். அடுத்து வருபவர் சந்தையில் கேட்டுவிட்டு, 'பொள்ளாச்சியில் ஏராளம்' என்று எழுதுகிறார். அதிலும் பொய் இல்லை, சந்தையில் அது ஏராளம்தான். பிறகு சந்தைக்கு அந்த மாடு வருவது நின்றுபோகிறது. அடுத்த தலைமுறை ஆனைமலைக் காட்டிலும் பரம்பிக்குளத்திலும் காட்டு 'பொள்ளாச்சி மாட்டை'த் தேடி அலைகிறது. கிடைக்காததும் அழிந்துவிட்டது என்று துக்கப்படுகிறது. சீட்டை எழுதியவர் மாட்டைப் பார்த்தார், தோலைப் பார்த்தார், கொம்பை அளந்தார். ஒன்றை மட்டும் கேட்கவில்லை: எங்கிருந்து வந்த மாடு?

இந்தச் சந்தேகத்தைத்தான் 2010இல் ஆர். நந்தினியும் திவ்யா முடப்பாவும் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து முன்வைத்தார்கள். காட்டில் பார்த்ததாகச் சொன்ன பதிவுகளில் உறுதியானவை அரிது. மாதிரிகளின் பிறப்பிடம் தெளிவில்லை. தோற்றமோ மியான்மரிலிருந்து இந்தோசீனா, மலாய் தீபகற்பம் வரை வாழும் பெரும்புள்ளிப் புனுகுப்பூனையோடு மிக நெருக்கம். ஆகவே மலபார் புனுகுப்பூனை என்பது வியாபாரத்தில் கொண்டுவரப்பட்ட அந்தப் பூனையாகவே இருக்கலாம் என்றார்கள். இது தீர்ப்பு அல்ல, காரணத்தோடு எழுப்பிய ஐயம். ஆனால் மிருகக்காட்சிசாலை வதந்தியைத் தலைகீழாகப் புரட்டிப் போடும் ஐயம். இனமே கூண்டில் பிறந்த பெயராக இருக்கலாம் என்னும்போது, இன்னொரு கூண்டில் கிடைக்கும் பூனை எப்படி விடையாகும்? கேள்வியைத்தான் அது இன்னும் கூர்மையாக்கும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மியான்மருக்கும் மலபாருக்கும் நடுவே அந்தப் பூனை இல்லை, அதனால் மலபாருக்குக் கப்பலில்தான் வந்திருக்க வேண்டும் என்ற வாதம் நிற்காது. நெல்லியாம்பதியிலும் ஆனைமலையிலும் பறக்கும் பெரிய இருவாச்சி இமயமலை அடிவாரத்திலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இருக்கிறது, நடுவில் இல்லை. ஈரக்காடுகள் சுருங்கிப் பிரிந்தபோது இப்படித் துண்டாகித் தங்கிய உயிர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் நிறைய உண்டு. நிலப்படம் இந்த வழக்கைத் தீர்க்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இருவாச்சியை ஆண்டுதோறும் பார்க்கிறோம், அதன் கூட்டை எண்ணுகிறோம். அதே காடுகளின் கேமராக்களில் சிறிய புனுகுப்பூனை திரும்பத் திரும்ப விழுகிறது. அரிய நீலகிரி மார்ட்டின்கூட விழுகிறது. மலபார் புனுகுப்பூனை மட்டும் விழவில்லை. எளயூர்த் தோல்கள் இருக்கின்றனவே என்றால், அவை அங்கே ஒரு விலங்கு இருந்ததைச் சொல்கின்றன. அது காட்டுப் பரம்பரையா, கூண்டிலிருந்து தப்பியதன் பரம்பரையா என்பதைத் தோலின் புள்ளிகள் சொல்லாது.

இன்னொரு மறுப்பும் வரும்: மிருகக்காட்சிசாலையில் நிபுணர்கள் இருக்கிறார்கள், அப்படி ஒன்று இருந்தால் அடையாளம் தெரியாதா? தெரியாமலும் போயிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மிருகக்காட்சிசாலையில் 1886 முதல் இருபது ஆண்டுக்கு மேல் இந்தியக் காண்டாமிருகம் என்று மக்கள் பார்த்துவந்தது, 1907இல் இறந்த பிறகுதான் ஜாவா காண்டாமிருகம் என்று தெரிந்தது. ஆகவே வதந்தியில் நடக்க முடியாதது எதுவும் இல்லை. நடக்கக்கூடியது என்பதும் நடந்தது என்பதும் ஒன்றல்ல என்பதுதான் விஷயம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைக் கடக்க இன்று வழியிருக்கிறது. 1992இல் அமைந்த மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் கீழ் ஒவ்வொரு பூங்காவும் எந்த விலங்கு எத்தனை, பிறந்தது, இறந்தது, வந்தது, போனது என்று கணக்குக் காட்ட வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது அந்த ஏடு. அடுத்தது உடம்பு. சிறிய புனுகுப்பூனை பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு கிலோ. முதுகில் நீளக் கோடுகள், வாலில் முழு வளையங்கள். மரநாய்க்கு வாலில் வளையமே கிடையாது. மலபார் புனுகுப்பூனையாகச் சொல்லப்படுவதோ ஆறரைக் கிலோ அளவு பெரியது. விலாவில் பெரிய புள்ளிகள், தோளிலிருந்து முதுகெலும்பு நெடுக சிலிர்த்து எழும் கறுப்பு மயிர். இந்த மயிர்வரி இல்லாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

மயிர்வரி இருந்தால்? அப்போதும் கொண்டாடும் நேரம் வரவில்லை. மூன்றாவது கட்டம் மரபணு. இதற்கு முன்மாதிரி உண்டு. தென்னாப்பிரிக்காவின் குவாக்கா, பாதி உடம்பில் மட்டும் வரியுள்ள வரிக்குதிரை; கடைசி ஒன்று 1883 ஆகஸ்ட் 12இல் ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிசாலையில் செத்தபோது, அதுதான் கடைசி என்று யாருக்கும் தெரியாது. நூறாண்டு கழித்து, 1984இல், ஜெர்மனியின் மைன்ஸ் அருங்காட்சியகத் தோலிலிருந்து அதன் மரபணுத் துணுக்கைப் பிரித்தார்கள். அழிந்த விலங்கு ஒன்றிலிருந்து மரபணு கிடைத்தது அதுவே முதல் முறை. குவாக்கா தனி இனமல்ல, சமவெளி வரிக்குதிரையின் ஒரு வகை என்ற முடிவுக்கு அந்த வழி கொண்டுசேர்த்தது. மலபார் புனுகுப்பூனைக்கும் கேட்க வேண்டிய கேள்வி இதே அச்சில் வார்த்தது. பழைய தோல்களின் மரபணு மியான்மர்ப் பூனையின் மரபணுவோடு அப்படியே பொருந்தினால், கப்பலில் வந்தது என்ற பக்கம் கனக்கும். பல ஆயிரம் ஆண்டுப் பிரிவு தெரிந்தால், அது நம் காட்டின் பிள்ளை. அப்போது நாம் இழந்தது, அல்லது இழந்துகொண்டிருப்பது, எவ்வளவு பெரியது என்பதும் தெரியும்.

வதந்தியால் என்ன கேடு, நம்பிவிட்டுப் போகட்டுமே என்று சொல்லலாம். கேடு உண்டு. அபூர்வம் என்ற பேச்சு பரவினால் பிடிக்க ஆள் கிளம்பும். பிடிபடுவது தோப்பில் எலி தின்று வாழும் சிறிய புனுகுப்பூனையும், பழம் தின்று கொட்டையைத் தூரமாகக் கொண்டுபோய் விதைக்கும் மரநாயும்தான். எதிர்ப்பக்கத்திலும் ஒரு கேடு உண்டு. 'அப்படி ஒரு இனமே இல்லை' என்று அவசரமாக முடிவுகட்டி அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டால், பின்னால் மரபணு வேறு சொல்லும்போது திருத்திக்கொள்ள விலங்கு மிஞ்சாது. ஆகவே சந்தேகம் இருக்கும்வரை சட்டத்தின் காவலும் இருக்கட்டும். சந்தேகம் தீரும்வரை தலைப்புச் செய்தி காத்திருக்கட்டும். தோப்பில் மயிர்வரி சிலிர்த்த பெரிய பூனையைப் பார்ப்பவர் பிடிக்க வேண்டாம். படம், இடம், நாள் மூன்றையும் வனத்துறைக்குச் சொன்னால் போதும். அந்த மூன்றும்தான் பிளைத்தின் கைக்கு ஒழுங்காக வந்துசேராதவை.

வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் சோதனைச்சாவடியில் லாரி நின்றதும் எழும் கேள்வி, என்ன சரக்கு என்பதோடு முடிவதில்லை. எங்கிருந்து வருகிறது என்பதற்கும் சீட்டைக் காட்ட வேண்டும். எல்லையில் வாழ்கிறவர்களுக்கு அந்த இரண்டாவது கேள்வியின் அருமை தெரியும். மிருகக்காட்சிசாலையின் பெயர்ப்பலகையும் அருங்காட்சியகத்தின் தோல்சீட்டும் முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்லி நின்றுவிட்டதால்தான், ஒரு பூனை நம் காட்டைச் சேர்ந்ததா இல்லையா என்று நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகும் தேடிக்கொண்டிருக்கிறோம்.