உங்களுக்குத் தெரியுமா? தளர்ந்த மண்ணில் டீசல் டிரக் இழுவை

அமெரிக்காவின் ஒஹாயோ, இண்டியானா மாநிலங்களில் கோடை வந்தால் கவுண்டிப் பொருட்காட்சிகள் களைகட்டும். ராட்டினமும் கால்நடைப் போட்டியும் ஒருபுறம் இருக்க, மாலையில் கூட்டம் நெருக்கியடிப்பது டீசல் டிரக்குகள் பாரம் இழுக்கும் மண் தடத்தைச் சுற்றித்தான். அந்தத் தடம் பொலபொலவென உதிர்ந்து கிடக்கும் நாளில் டிரக்கை எப்படித் தயார் செய்கிறார்கள்?

● தடத்தின் நீளம் பெரும்பாலும் 300 அடி. டிரக்கின் பின்னால் சங்கிலியில் ‘ஸ்லெட்’ என்ற எடைவண்டி. அதிக தூரம் இழுப்பவருக்கு வெற்றி. முழுத் தூரத்தையும் கடந்தால் அதற்குப் பெயர் ‘ஃபுல் புல்’. புறப்படும்போது ஸ்லெட்டின் எடைப்பெட்டி அதன் பின்சக்கரங்களுக்கு மேலே நிற்கும். வண்டி நகர நகரப் பெட்டி முன்னோக்கி ஊர்ந்து வரும். முன்பக்கத்தில் சக்கரம் கிடையாது, மண்ணில் உராய்ந்துகொண்டே வரும் இரும்புத் தட்டுதான். அடிக்கு அடி இழுவை கனத்துக்கொண்டே போகும்.

● இந்த இயந்திர ஸ்லெட் வருவதற்கு முன் மனிதர்களே எடையாக இருந்தார்கள். தடத்தின் ஓரத்தில் இடைவெளி விட்டு நின்று, சறுக்குப்பலகை தங்களைத் தாண்டும்போது ஒவ்வொருவராக அதில் ஏறிக்கொள்வார்கள். ஒஹாயோவின் பௌலிங் கிரீன் நகரில் தேசிய அளவிலான டிராக்டர் இழுவைப் போட்டி 1967 முதல் நடக்கிறது. விதிகளை ஒழுங்குபடுத்தத் தேசியச் சங்கம் 1969-இல் உருவானது.

● எஞ்சினில் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும், மண் தாங்குவதற்கு மேல் ஒரு பவுண்டுகூட இழுக்க முடியாது. மண் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட வழிசொன்னவர் பிரெஞ்சுப் பொறியாளர் கூலோம். மின்னூட்டத்தின் அலகாகப் பள்ளிக்கூடத்தில் நாம் படித்த அதே கூலோம்தான். மண்ணைப் பற்றிய தம் ஆய்வை 1773-இல் சமர்ப்பித்தார். மண்ணின் வலிமைக்கு இரண்டு மூலங்கள் என்கிறது அவருடைய கணக்கு. ஒன்று, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பிடிப்பு. மற்றொன்று, மேலே அழுத்தும் எடையால் எழும் உராய்வு.

ஈரக் களிமண்ணில் முதலாவது ஓங்கி நிற்கும். அங்கே டயர் எவ்வளவு பரப்பில் மண்ணைத் தொடுகிறதோ அவ்வளவு ஆதாயம். காய்ந்து உதிரும் மண்ணில் ஒட்டுதல் போய்விடும், உராய்வு மட்டுமே மிஞ்சும். அங்கே சக்கரத்தின் மீது எவ்வளவு பாரம் அழுத்துகிறது என்பதே கேள்வி. நேற்று வென்ற டிரக் இன்று வேறு ஊர்த் தடத்தில் பாதியில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். எஞ்சினைக் குறைசொல்வதற்கு முன் மண்ணைப் பார்க்க வேண்டும்.

● சக்கரத்துக்கும் மண்ணுக்கும் உள்ள உறவை ஆராய்வது தனி அறிவியல். அதற்கு அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவர் போலந்தில் பிறந்த மியெச்சிஸ்வாஃப் பெக்கர். 1971-இல் அப்பல்லோ 15 வீரர்கள் நிலவின் தூள்மண்ணில் ஓட்டிய ஊர்தியின் வடிவமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. அதன் சக்கரங்களில் காற்று கிடையாது. கம்பி வலையால் பின்னப்பட்டவை.

● அனுபவசாலிகள் டிரக்கைத் தொடுவதற்கு முன் தடத்தில் நடக்கிறார்கள். குதிகாலால் மிதித்துப் பார்ப்பார்கள், ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்துவார்கள். உருண்டையாக நின்றால் ஈரம் இருக்கிறது, விரலிடுக்கில் வழிந்தால் தளர்ந்த மண். அதோடு விடாமல் தளர்ச்சி எத்தனை ஆழம் என்றும் பார்க்க வேண்டும். மேலே இரண்டு அங்குலம் மட்டும் உதிரியாக இருந்து அடியில் கெட்டித்தளம் இருந்தால், டயர் அந்த இரண்டு அங்குலத்தைக் கிழித்துத் தளத்தைப் பிடிக்கட்டும் என்று விடலாம். அடிவரை உதிரி என்றால் கிழிக்கக் கிழிக்கக் குழிதான் விழும். இரண்டும் மேலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

● சாலையில் 50, 60 பிஎஸ்ஐ காற்று நிற்கும் டயரை, இழுவைத் தடத்தில் 20-க்கும் கீழே இறக்குபவர்கள் உண்டு. காற்று குறைந்தால் டயர் தட்டையாகி நீளமாக மண்ணைத் தொடும், அவ்வளவாகப் புதையாது. புதையாத சக்கரத்துக்குத் தன்னையே பள்ளத்திலிருந்து ஏற்றிக்கொள்ளும் வேலை மிச்சம். சேற்று வயலில் நம் ஊர் டிராக்டருக்குக் கேஜ் வீல் மாட்டும்போதும் இதே பயன் கிடைக்கிறது. ஆனால் அளவுக்கு மீறி இறக்கினால் டயர் பந்துபோலத் துள்ள ஆரம்பிக்கும். துள்ளல் தொடங்கியதும் ஆக்ஸில், யு-ஜாயின்ட் என்று வரிசையாக முறியும். டயரே ரிம்மை விட்டுக் கழன்றுவிடவும் கூடும். ஒவ்வொரு முறையும் ஓரிரு பிஎஸ்ஐ மாற்றி, முடிவைக் குறித்துவைப்பதே சரியான வழி.

● டிரக்கின் முன்னால் தொங்கும் இரும்பு எடைகளைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அவற்றின் வேலையைக் கணக்காகவே பார்த்துவிடலாம். பல டீசல் பிரிவுகளில் மொத்த எடைக்கு வரம்பு 8,000 பவுண்டு, அதாவது சுமார் 3,630 கிலோ. பின்னால் சங்கிலி மாட்டும் கொக்கியின் உயரத்துக்கு வரம்பு 26 அங்குலம். டிரக்கின் முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையே 140 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கெட்டித் தடத்தில் அது 5,000 பவுண்டு விசையோடு இழுத்தால், 5,000-ஐ 26-ஆல் பெருக்கி 140-ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 930 பவுண்டு பாரம் முன்சக்கரங்களை விட்டுப் பின்சக்கரங்களுக்குப் போய்விடும். முன்சக்கரங்கள் காற்றில் மிதந்தால் நான்கு சக்கர இயக்கம் பெயரளவுக்குத்தான். அதைத் தடுக்கத்தான் முன்னால் எடை.

இப்போது தளர்ந்த மண்ணுக்கு வாருங்கள். பிடி குறைவு, ஆகவே இழுவிசை 3,500 பவுண்டுதான் கிடைக்கிறது என்றால் பின்னால் இடம்மாறும் பாரமும் 650 ஆகிவிடும். கெட்டித் தடத்துக்கு மாட்டிய முன்னெடை இங்கே அதிகம். முன்சக்கரங்கள் உழும், பின்சக்கரங்கள் லேசாகிச் சுழலும். 930-க்கும் 650-க்கும் உள்ள வித்தியாசமான அந்த 280 பவுண்டில் ஒரு பகுதியைக் கழற்றிப் பின்பக்கம் வைத்தால் நான்கு சக்கரங்களும் பங்கு போட்டு இழுக்கும். மொத்த எடை மாறவில்லை, ஒரு பைசா செலவும் இல்லை. புதிய டர்போவுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன் எல்லோரும் செய்துபார்க்க வேண்டிய வேலை இதுதான் என்பேன்.

● பாரம் ஏறும்போது பின்பக்கம் அமுங்கினால் கொக்கியும் தாழும். கொக்கி தாழ்ந்தால், சங்கிலி மேலிருந்து சாய்ந்து இழுப்பதால் பின்சக்கரங்களுக்குக் கிடைக்கும் அழுத்தம் குறைந்துவிடும். அதனால்தான் மேல்பிரிவு டிரக்குகளில் பின்பக்க சஸ்பென்ஷனையே அசையாமல் கட்டிவிடுகிறார்கள்.

● இரு பக்கச் சக்கரங்களுக்கும் திறனைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலைப் பூட்டாத டிரக், தளர்ந்த மண்ணில் ஒற்றைக் காலில் நிற்கிறது என்றே சொல்லலாம். பிடி இல்லாத சக்கரம் வீணாகச் சுழலும், பிடி உள்ள சக்கரம் சும்மா நிற்கும்.

● டர்போவின் காற்று நுழையும் வாயை அளந்துதான் பல பிரிவுகளைப் பிரிக்கிறார்கள். 2.6 அங்குலம் ஒரு பிரிவு, 3.0 அங்குலம் மேல்பிரிவு. காற்றுக்கு வரம்பு வைத்தால் திறனுக்குத் தானாகவே வரம்பு வந்துவிடும். பெரிய பணக்காரரும் சின்ன ஒர்க்‌ஷாப்காரரும் ஒரே தடத்தில் மோத முடிவது இப்படிப்பட்ட விதிகளால்தான்.

● 1994 முதல் 1998 வரை டாட்ஜ் ராம் டிரக்குகளில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினுக்கு இழுவைக்காரர்களிடம் இன்றும் தனி மரியாதை. காரணம் அதிலிருந்த பாஷ் பி7100 பம்ப். முழுக்க இயந்திர முறையில் இயங்குவது. கம்ப்யூட்டரின் தயவு இல்லாமல் டீசலின் அளவை ஏகமாகக் கூட்டலாம். கம்பெனியிலிருந்து 160 முதல் 215 குதிரைத்திறனோடு வந்த எஞ்சின், இவர்கள் கைபட்டு ஆயிரத்தைத் தாண்டுகிறது.

● ஓட்டத்துக்குச் சற்று முன் சில டிரக்குகளில் ஐஸ் கட்டிகளைக் கொட்டுவதைப் பார்க்கலாம். டர்போ அழுத்தும் காற்று கொதிக்கும் சூட்டில் வரும். இன்டர்கூலருக்குப் போகும் தண்ணீரை ஐஸ் போட்டுக் குளிர்வித்தால் காற்று அடர்த்தியாகும், டீசல் முழுதாக எரியும். ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடுவதால் அந்த ஐஸ் போதும்.

● டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சாவியைத் திருப்பினாலும் இயந்திரப் பம்ப் சிக்கிக்கொண்டால் எஞ்சின் நிற்காது. டர்போவின் ஆயில் கசிந்து உள்ளே போனால் அதையே எரித்து வெறிபிடித்து ஓடும். நிறுத்த நிச்சயமான வழி, காற்றை அடைப்பது. அதனால் காற்றுப் பாதையில் ஒரு மூடியும், அதை இழுக்கும் கேபிளும் கட்டாயம். கேபிளின் மறுமுனை ஸ்லெட்டோடு இணைந்திருக்கும். சங்கிலி அறுந்து டிரக் பாய்ந்தால் அந்த நொடியே மூடி விழும். டர்போ சிதறினால் துண்டுகள் கூட்டத்தின் மேல் பறக்காமல் இருக்க, புகைக்குழாய்க்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு போல்ட்டுகள் போடச் சொல்வதும் விதிதான். இந்த இரண்டும் இல்லாத டிரக்கைத் தடத்தில் ஏற்றவே கூடாது.

● புறப்படும் முன் சங்கிலி இறுகியிருக்க வேண்டும், வெட்டி இழுக்கக் கூடாது என்பது பொது விதி. தளர்ந்த மண்ணில் அதுவே நல்ல உத்தியும்கூட. எடுத்த எடுப்பில் முழு ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் டயர் நின்ற இடத்திலேயே குழி தோண்டும். மெல்ல நகர்த்தி, ஸ்லெட் உருளத் தொடங்கியதும் திறக்க வேண்டும். பிறகு தயங்கக் கூடாது. சக்கரம் வேகமாகச் சுழன்றால்தான் டயரின் பள்ளங்களில் அடைத்த மண் வெளியே வீசப்பட்டு அடுத்த பிடி கிடைக்கும். ஆகவே இங்கே கெட்டித் தடத்தைவிட ஒரு கியர் மேலே போட்டு, சக்கர வேகத்தை நம்பி ஓட்டுபவர்கள் நிறைய.

● கடைசியாக, டிராக்டர் வைத்திருக்கும் நம் விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. உயரமான கொக்கி பின்சக்கரத்தை அழுத்தும், முன்சக்கரத்தைத் தூக்கும் என்று மேலே பார்த்தோம். மரக்கட்டையையோ சேற்றில் சிக்கிய வண்டியையோ இழுக்கும்போது, பின் ஆக்ஸிலிலோ மேல் இணைப்புக் கம்பியிலோ சங்கிலியைக் கட்டினால் டிராக்டர் அப்படியே பின்பக்கம் மல்லாந்துவிடும். ஓட்டுபவர் குதிக்கக்கூட நேரம் இருக்காது. தாழ்வான டிராபாரில் மட்டும் கட்டுங்கள்.