எங்கே இருக்கிறேன் என்பதை யார் சொல்வது?

போன செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு ஆளைப் பார்க்கத்தான் ஆபீஸ் போனேன். ஒன்றரை மணி நேரப் பயணம். அவர் சீட் காலி. போன் போட்டால், "இன்னைக்கு வீட்ல இருந்துதானே வேலை, காலண்டர்லயே போட்டிருந்தேனே" என்கிறார். போட்டுத்தான் இருந்தார். நான்தான் பார்க்கவில்லை.

கூகுள் காலண்டரில் 2021-ல் வந்த வசதி அது. இன்றைக்கு வீடா, ஆபீஸா என்று குறித்து வைத்தால் கூட வேலை செய்பவர்களுக்குத் தெரியும். கொரோனா கொண்டுவந்த சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். எரிச்சலில் தேட ஆரம்பித்து 1971-ல் போய் நின்றேன்.

அப்போது ஸ்டான்ஃபோர்ட் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில், கம்ப்யூட்டரை யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க ஒரு கட்டளை இருந்தது. பெயர் வராது, புரியாத அடையாளக் குறிகள்தான் வரும். ஆட்கள் அந்தப் பட்டியலில் விரல் வைத்து வரிவரியாகத் தேடுவதை லெஸ் எர்னெஸ்ட் கவனித்தார். முழுப் பெயரையும், ஆள் எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார் என்பதையும் காட்டும் ஒரு நிரலை எழுதினார். அதற்கு வைத்த பெயரே 'ஃபிங்கர்'.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து நடந்ததுதான். ஏன் இடத்தில் இல்லை, எப்படிப் பிடிக்கலாம் என்று தாங்களே எழுதி வைக்க ஒரு கோப்பு வேண்டுமென்று பயனர்கள் கேட்டார்கள். அதுதான் 'பிளான்' கோப்பு. யாராவது உங்கள் பெயரை ஃபிங்கரில் தேடினால், நீங்கள் எழுதியது அப்படியே வரும். "மூணு மணி வரைக்கும் லைப்ரரி, அவசரம்னா அங்கேயே வாங்க" என்றுகூட எழுதலாம்.  (பின்னாளில் இன்டர்நெட் பெருகியதும் முகம் தெரியாதவர்களுக்கும் ஃபிங்கர் பதில் சொல்ல, பல இடங்களில் அதை மூடிவிட்டார்கள்.)

இன்னொரு வழியும் உண்டு. கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகத்தில் ராய் வாண்ட், ஆண்டி ஹாப்பர் குழுவினர் 'ஆக்டிவ் பேட்ஜ்' செய்தார்கள். 1992-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டை, 15 விநாடிக்கு ஒருமுறை அகச்சிவப்புக் கதிரில் தன் குறியை அனுப்பும். அறைக்கு அறை இருக்கும் உணரிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். நோக்கம் சாதுவானதுதான்: வரும் போனை, ஆள் இருக்கும் அறைக்கே ரிசப்ஷனிஸ்ட் திருப்பிவிட வேண்டும். ஆனால் டீ குடிக்கப் போனாலும் பதிவாகும். வேண்டாமென்றால் கழற்றி மேஜையில் வைக்கலாம். அதைக் கழற்றும் தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும், குறிப்பாக மேனேஜரும் அதே திரையைப் பார்க்கும்போது?

பக்கத்து சீட்காரருக்கு இரண்டும் ஒரே பதிலைத்தான் தருகின்றன. பிளான் கோப்பில் சொல்வது நான்; பேட்ஜில் என்னைப் பற்றிச் சொல்வது சுவர். ஆபீஸ் வைஃபையில் சேர்ந்ததுமே இடத்தைத் தானாக மாற்றிக்காட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் அறிவித்திருக்கிறது. மறதிக்காரர்களுக்கு உதவும், ஒத்துக்கொள்கிறேன். என்றாலும் என் ஓட்டு பிளானுக்குத்தான். நான் எழுத மறந்தால் யாரோ ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் வீண், அவ்வளவுதான்.

அன்று மாலை அவருக்கு மெசேஜ் போட்டேன்: "வியாழன் வர்றீங்களா?" பதில் வந்தது: "காலண்டர் பாருங்க சார்."