இளைத்துப்போன ஸ்கூட்டர்

ஸ்கூட்டர் சீறிக் கிளம்ப இரண்டு வழிகள் உண்டு. எஞ்சினின் பலத்தைக் கூட்டலாம். இல்லையென்றால் அது இழுக்கும் பாரத்தைக் குறைக்கலாம். முதலாவதற்குக் காசு செலவாகும். இரண்டாவதற்கு ஒரு ஸ்பேனர் போதும் என்று அன்றைய பட்டறைகளில் நம்பினார்கள். இன்றும் பாரம் குறைகிறது. ஆனால் அந்த வேலை பட்டறையை விட்டுப் போய்விட்டது.

1972இல் வந்த பஜாஜ் சேத்தக்கை எடுத்துக்கொள்வோம். வெஸ்பாவின் வம்சம். மூல வெஸ்பாவை வடிவமைத்த இத்தாலியர் கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். வண்டிக்கென்று தனியாகக் குழாய்ச் சட்டம் வைக்காமல், மடித்த எஃகுத் தகட்டையே எலும்பாகவும் தோலாகவும் ஆக்கியவர் அவர். அதனால் சேத்தக்கின் தரைத்தகட்டிலோ நடு உடம்பிலோ கைவைக்க முடியாது. வெட்டினால் வண்டியே வளைந்துவிடும். கழற்ற முடிந்தவை ஸ்டெப்னி, கார்டு கம்பிகள், ரப்பர் மேட், டிக்கியில் கிடக்கும் சாமான்கள் போன்றவைதான். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. எஞ்சின் வலப்பக்கம் தொங்குவதால், இடப்பக்கத்து எடையைக் குறைக்கக் குறைக்க வண்டி வலப்பக்கமாகச் சாயப் பார்க்கும்.

லாம்பிரெட்டா ஸ்கூட்டர்களின் இனம் வேறு. உள்ளே குழாய்ச் சட்டம், மேலே தகடுகள். லக்னோவின் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம் செய்த விஜய் சூப்பர் இந்த ரகம். பக்கத் தகடுகளைக் கழற்றினாலும் ஓடும். இங்கிலாந்தில் 1960களின் கடைசியில் இளைஞர்கள் லாம்பிரெட்டாவை எலும்புக்கூடாக்கி ஓட்டியது இந்த அமைப்பின் தைரியத்தில்தான். நம் ஊரில் அந்த மோகம் பெரிதாகப் பரவவில்லை. வண்டிக்காகப் பதிவு செய்து வருடக்கணக்கில் காத்திருந்தவர் அதன் தகட்டை எதற்காகக் கழற்றப்போகிறார்?

பிக்கப் வேண்டியவர்கள் லேத் பட்டறைக்குப் போனார்கள். மெக்கானிக்குகள் ‘மேக்னெட்’ என்று சொல்லும் கனத்த சுழல்சக்கரத்தைக் கடைந்து எடை குறைப்பது ஒரு வித்தை. சுழலும் பொருளின் எடை குறைந்தால் எஞ்சின் சட்டென்று வேகம் பிடிக்கும். ஆனால் ஐடிலிங் நிற்காது. சிக்னலில் நின்றால் இருமி இருமி அணையும். கடைசல் கோணினால் அதிர்வும் ஆபத்தும் மிச்சம்.

1984இல் கினெடிக் ஹோண்டா பிளாஸ்டிக் உடம்போடு வந்தது. கியர் கிடையாது, செல்ஃப் ஸ்டார்ட் உண்டு. ஓட்டிப் பார்த்தவர்களுக்குப் பிடித்தது. ஆனாலும் தட்டிப் பார்த்து ‘டங்’ என்று சத்தம் வந்தால்தான் நல்ல வண்டி என்ற எண்ணம் எளிதில் போகவில்லை. 2000களின் தொடக்கத்தில் ஆக்டிவா வந்தபோது அதன் உலோக உடம்பே பலருக்குப் பெரிய காரணமாக இருந்தது. நாம் கனத்தையே உறுதி என்று வாங்கிப் பழகியவர்கள்.

இன்றைய கதை வேறு. யமஹாவின் ஃபாஸினோ 113 சிசியாக இருந்தபோது 103 கிலோ. 2020இல் 125 சிசியாக வளர்ந்தபோது 99 கிலோவுக்கு இறங்கியது. எஞ்சின் பெரிதாகி, உடம்பு இளைத்திருக்கிறது. இதற்கு நடுவே அரசின் விதிகள் வேறு பாரம் ஏற்றின. 2019 ஏப்ரலில் இரு சக்கரங்களுக்கும் சேர்ந்து பிடிக்கும் பிரேக் கட்டாயமானது. அடுத்த ஆண்டே பிஎஸ்-6 புகை விதி வந்தது. இவற்றையும் சுமந்துகொண்டே எடையைக் குறைத்தாக வேண்டும். சட்டக் குழாயின் தடிமன், சக்கரத்தின் வார்ப்பு, எஞ்சின் மூடி என்று ஒவ்வொன்றிலும் கணினித் திரையில் கிராம் கிராமாகச் சுரண்டுகிறார்கள்.

இப்படிச் சுரண்டிய வண்டியில் நாம் கழற்ற என்ன இருக்கிறது? இப்போது பெரும்பாலும் உள்ளே குழாய்ச் சட்டம், மேலே பிளாஸ்டிக். சுலபமாகக் கழற்றலாம், ஆனால் அதில் எடையே இல்லை. அன்று எடை இருந்த இடத்தில் கைவைக்க முடியவில்லை. இன்று கைவைக்க முடிகிற இடத்தில் எடை இல்லை.

கணக்கும் இதையே சொல்கிறது. வண்டி 105 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ என்றால் மொத்தம் 180. ஐந்து கிலோ குறைத்தால் மூன்று சதவீதம்கூட இல்லை. கிளம்பும் வேகத்தில் கிடைப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. நின்று நின்று போகும் நகரத்திலும் மேம்பாலம் ஏறும்போதும் அது கொஞ்சம் தெரியலாம். உச்ச வேகம் கூடாது, ஏனென்றால் அங்கே மல்லுக்கட்டுவது காற்றோடு. பட்டறையில் இன்று பலன் தருவது, கியரின் வேலையைச் செய்யும் வேரியேட்டருக்குள் இருக்கும் ரோலர்கள்தான். சில கிராம் குறைந்த ரோலர் போட்டால் எஞ்சின் கூடுதல் சுழற்சிக்குப் போன பிறகே பெல்ட் மேலேறும், பிக்கப் கூடும். ஆனால் சீரான ஓட்டத்தில் எஞ்சின் கூடுதலாகக் கத்தும், மைலேஜும் குறையும்.

மின்சார ஸ்கூட்டரில் எடைதான் முதல் எதிரி, ஏனென்றால் பேட்டரியே ஒரு சுமை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாராகும் ஓலா எஸ்1 ப்ரோ முதலில் 125 கிலோ. 2023இல் வந்த இரண்டாம் தலைமுறையில் 116. சட்டத்தையே மாற்றி வரைந்துதான் ஒன்பது கிலோவை இறக்க முடிந்தது. எந்தப் பட்டறையாலும் ஆகிற காரியமல்ல அது.

எடைக்காகக் கழற்றக் கூடாதவையும் உண்டு. பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் சேலை கார்டும், பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால் மிதியும் மத்திய மோட்டார் வாகன விதி 123இன்படி கட்டாயம்.

ஆனால் நாமாக ஏற்றியது இருக்கிறதே! ஒரு கிலோ குறைக்கப் பொறியாளர்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்திருப்பார்கள். நாம் வண்டியை எடுத்த கையோடு சுற்றிலும் இரும்புக் கம்பி கட்டி, கூடுதல் மேட் போட்டு, சீட்டுக்கு அடியில் பழைய பூட்டும் சங்கிலியும் நிரப்புகிறோம். கம்பி, சாய்ந்து விழும்போது பெயிண்டைக் காப்பாற்றும், உண்மைதான். அதற்கான விலையை ஒவ்வொரு சிக்னலிலும் பெட்ரோலாகக் கட்டுகிறோம் என்பதும் உண்மை. இளைத்த ஸ்கூட்டர் வேண்டும் என்பவருக்கு இன்று மெக்கானிக் தேவையில்லை. வாங்கியபோது இல்லாதது இப்போது வண்டியில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, வேண்டாததை இறக்கி, டயரில் சரியான காற்று வைத்தால் போதும். மீதியை ஆலையிலேயே முடித்துக் கொடுத்துவிட்டார்கள்.