ஸ்காலர்ஷிப் இல்லை, ஒப்பந்தம் இல்லை... கோச்சின் வார்த்தையை நம்பி ஆடும் அமெரிக்கச் சிறு கல்லூரி வீரர்கள்!

2022 டிசம்பரில் அமெரிக்கக் கல்லூரி கால்பந்தில் ஒரு சாதனை நடந்தது. ‘டிவிஷன் 3’ ஆண்கள் இறுதிப்போட்டியில் வில்லியம்ஸ் கல்லூரியை 2-0 என வீழ்த்தி சாம்பியன் ஆனது சிகாகோ பல்கலைக்கழகம். அந்த சீசனில் 22 வெற்றி, 1 டிரா, தோல்வியே கிடையாது. அணியின் கோச் ஜூலியான் சிட்ச், என்சிஏஏ ஆண்கள் கால்பந்துப் பட்டத்தை வென்ற முதல் பெண் தலைமைப் பயிற்சியாளர். அந்த அணியில் அதுதான் அவருக்கு முதல் சீசன்!

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அந்த அணியில் கால்பந்து ஆடுவதற்காக ஒரு டாலர்கூட உதவித்தொகை வாங்கிய வீரர் ஒருவரும் இல்லை. வாங்கவும் முடியாது. அதுதான் டிவிஷன் 3 விதி.

அப்படியென்றால் எதை நம்பி இவர்கள் ஓடுகிறார்கள்? கோச் இவர்களுக்கு என்ன தருகிறார், எதை எடுத்துக்கொள்கிறார்?

டிவிஷன் 3 என்றால் என்ன?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, 1973-ல் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாகப் பிரித்தது. டிவியில் வரும் பிரம்மாண்ட ஸ்டேடியங்கள், கோடிக்கணக்கில் புரளும் பணம் எல்லாம் டிவிஷன் 1. மூன்றாவது பிரிவில் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. கல்லூரிகளின் எண்ணிக்கையில் இதுதான் மிகப் பெரிய பிரிவு. சில ஆயிரம் மாணவர்கள் மட்டுமே படிக்கும் சிறு கல்லூரிகள் இதில் அதிகம்.

இங்கே மதிப்பெண்ணுக்காக நிதியுதவி பெறலாம், குடும்ப வருமானம் குறைவு என்றால் பெறலாம். விளையாட்டுத் திறமைக்காக மட்டும் பெற முடியாது. வீரரும் மற்ற மாணவர்களைப் போலவே கட்டணம் கட்டிப் படிக்கிறார். வேண்டாம் என்று தோன்றினால் நாளைக்கே ஜெர்சியைக் கழற்றிவைத்துவிட்டுப் போகலாம். உதவித்தொகை பறிபோகும் பயம் இல்லை.

‘உனக்கு இங்க இடம் இருக்கு’

கோச்சுடனான உறவு, கல்லூரியில் சேர்வதற்கு முன்பே போனில் தொடங்கிவிடுகிறது. பள்ளி மாணவரின் ஆட்ட வீடியோவைப் பார்ப்பார், பெற்றோரிடம் பேசுவார், கேம்பஸுக்கு வரச் சொல்வார். ‘நம்ம டீமுக்கு நீ சரியா செட் ஆவ’ என்பார். 17 வயதுப் பையனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால், ஆடவைப்பேன் என்று அவர் சொல்வதற்கு எழுத்துபூர்வமான உறுதி எதுவும் கிடையாது. கட்டணத்தை நம்பி இயங்கும் சில சிறு கல்லூரிகளில் இதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. அணியில் 40 பேரைச் சேர்த்தால், கல்லூரிக்குக் கட்டணம் கட்டும் 40 மாணவர்கள் கிடைக்கிறார்கள். அதனால் இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்று கோச்சுக்கே இலக்கு வைக்கப்படுவது உண்டு. களத்தில் இறங்குவது 11 பேர்தான். ‘என்னை ஆடறதுக்குக் கூப்பிட்டாரா, சீட்டை நிரப்பறதுக்குக் கூப்பிட்டாரா?’ என்ற கேள்வி முதல் மாதத்திலேயே சிலருக்கு வந்துவிடுகிறது.

ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை

சீசன் சின்னதுதான், ஆனால் நெருக்கமானது. மற்ற மாணவர்கள் வருவதற்கு முன்பே, ஆகஸ்டில் காலி விடுதியில் வீரர்கள் வந்து தங்குகிறார்கள். பல அணிகளில் ஆரம்ப நாட்களிலேயே ஓட்டச் சோதனை வைத்துவிடுவார்கள். விடுமுறையில் யார் உழைத்தார், யார் தூங்கினார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

செப்டம்பர், அக்டோபரில் பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு போட்டிகள். பயணம் பஸ்ஸில். ராத்திரி திரும்பும் பஸ்ஸில் செல்போன் வெளிச்சத்தில் மறுநாள் தேர்வுக்குப் படிப்பது இங்கே சகஜம். மாலையில் லேப் வகுப்பு இருந்தால் பயிற்சிக்குத் தாமதமாகத்தான் வர முடியும். ‘படிப்புதான் முதலில்’ என்பது டிவிஷன் 3-ன் கொள்கை. லேப் முடித்து ஓடிவருபவரை கோச் எந்த முகத்தோடு வரவேற்கிறார் என்பதில்தான், அந்தக் கொள்கையை அவர் எவ்வளவு நம்புகிறார் என்பது தெரியும்.

வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு என்று விதி இருக்கிறது. சீசன் முடிந்த பிறகு கோச் பயிற்சி தருவதற்கும் கட்டுப்பாடு உண்டு. அப்போது கேப்டன்களே பயிற்சி நடத்துவார்கள். ‘விருப்பம் இருந்தா வாங்க’ என்பார்கள். வராவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்!

பெஞ்ச் என்னும் பரீட்சை

பணம் கையில் இல்லாத கோச்சிடம் இருக்கும் ஒரே நாணயம், ஆட்ட நிமிடங்கள்.

கல்லூரி கால்பந்தின் விதியும் அவருக்குச் சாதகம். சர்வதேசப் போட்டிகளில் வெளியேறிய வீரர் திரும்ப முடியாது. இங்கே முதல் பாதியில் வெளியேறியவர் இரண்டாம் பாதியில் ஆடலாம்; இரண்டாம் பாதியிலும் ஒருமுறை வெளியே போய்த் திரும்பலாம். ஆகவே ஒரே போட்டியில் ஏகப்பட்ட பேரைக் களமிறக்க வாய்ப்பு இருக்கிறது. அப்படியிருந்தும் தன்னைக் கூப்பிடவில்லை என்றால், வலி இரட்டிப்பாகும்.

இங்கேதான் கோச்களுக்கு இடையே வித்தியாசம் தெரிகிறது. சிலர் போட்டிக்கு முன் ஒரு பட்டியலை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் கூப்பிட்டு உட்காரவைத்து, ‘இந்த ரெண்டு விஷயம் உன்கிட்ட குறையுது, இதைச் சரி பண்ணு’ என்பார்கள். இரண்டிலும் வீரர் பெஞ்சில்தான் உட்காரப் போகிறார். ஆனால், பட்டியலை மட்டும் பார்த்தவருக்குக் காரணம் தெரியாது. மற்றவருக்கு நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதாவது தெரியும்.

காயம் இன்னொரு பரீட்சை. தலையில் அடிபட்ட வீரருக்கு மூளை அதிர்ச்சி அறிகுறி இருந்தால், அன்றைக்கு அவர் திரும்ப ஆடக் கூடாது. இதற்கான திட்டத்தை ஒவ்வொரு கல்லூரியும் வைத்திருக்க வேண்டும் என்று 2010-ல் என்சிஏஏ கட்டாயமாக்கியது. இருந்தாலும், ‘எனக்கு ஒண்ணும் இல்ல கோச்’ என்று வீரர் வலியை மறைப்பாரா, உண்மையைச் சொல்வாரா என்பது, சொன்னால் இடம் போய்விடுமோ என்ற பயத்தைப் பொறுத்தது.

கோச் போனாலும் நிற்கும் அணி

பென்சில்வேனியாவின் மெசாயா, 2000-க்கும் 2017-க்கும் இடையே 11 முறை டிவிஷன் 3 ஆண்கள் பட்டத்தை வென்றது. முதல் 6 பட்டங்கள் டேவ் பிராண்ட் காலத்தில். 2009-ல் பொறுப்பேற்ற பிராட் மெக்கார்ட்டி முதல் சீசனிலேயே பட்டம் வென்று, மேலும் 4 முறை வென்றார். கோச் மாறினார், நான்கு வருடத்துக்கு ஒருமுறை வீரர்களும் மொத்தமாக மாறினார்கள். வெற்றி நிற்கவில்லை. ஒரு கோச் உருவாக்கும் பழக்கங்களைச் சீனியர்கள் ஜூனியர்களுக்குக் கைமாற்றினால்தான் இது சாத்தியம்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

அமெரிக்காவில் படித்துக்கொண்டே ஆட நினைக்கும் மாணவர்கள், கோச்சிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய 5 கேள்விகள்:

1. அணியில் மொத்தம் எத்தனை பேர்? என் பொசிஷனில் எத்தனை பேர்?
2. கடந்த வருடம் முதலாண்டு மாணவர்கள் எத்தனை பேர் ஆடினார்கள்?
3. போன 4 வருடத்தில் பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர், ஏன்?
4. லேப் வகுப்பும் பயிற்சியும் மோதினால் என்ன செய்வீர்கள்?
5. ஆடாத வீரர்களிடம் நீங்கள் தனியாகப் பேசுவது உண்டா?

முடிந்தால் இதே கேள்விகளைப் பெஞ்சில் உட்காரும் ஒரு சீனியரிடமும் கேளுங்கள். நட்சத்திர வீரர் எந்த கோச்சையும் புகழ்வார். மூன்று வருடம் பெஞ்சில் இருந்தும் நான்காவது வருடம் திரும்பி வந்தவர் என்ன சொல்கிறார் என்பதுதான் அந்த கோச்சைப் பற்றிய சரியான சான்றிதழ்.