பைக்குள் இருந்த பாட்டரி

சென்ற தீபாவளிக்கு என் தங்கை மகன் பிரிட்டனிலிருந்து தில்லிக்கு வந்திருந்தான். அவனுடைய கால்சட்டையைத் துவைக்கப் போடுமுன் என் மனைவி பையைத் துழாவினாள். வீட்டுச் சாவிக்கொத்தும் சில்லறையும் வந்தன. கூடவே பச்சை உறை போட்ட பருமனான பாட்டரி ஒன்றும் வந்தது. "டார்ச் லைட்டுக்காடா?" என்று கேட்டேன். சற்று நெளிந்தான். "இல்லை மாமா, அங்கே வேப் பிடிக்கிறேன். கருவியை ஊரிலேயே வைத்துவிட்டேன். இது மட்டும் மறந்துபோய்ப் பையிலேயே வந்துவிட்டது" என்றான்.

ஏறத்தாழ ஒன்பது மணி நேர விமானப் பயணம் முழுவதும் அந்தப் பாட்டரி சாவிக்கொத்தோடு உரசிக்கொண்டு வந்திருக்கிறது! அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009 முதல் 2016 முடிய அந்நாட்டில் நடந்த 195 மின்சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்களை அது ஆராய்ந்தது. அவற்றில் 61, கருவியோ உதிரி பாட்டரியோ சட்டை, கால்சட்டைப் பையில் இருக்கும்போது நேர்ந்தவை. வாயில் வைத்துப் பிடிக்கும்போது நேர்ந்தவை 60. சார்ஜ் ஆகும்போது 48. சும்மா பையில் கிடப்பதுதான் முதலிடம் என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது. ஆகவே இங்கே யாருக்கும் அதை வாங்க வழிகாட்டுவது என் நோக்கமல்ல. நிக்கோட்டின் பழக்கத்தைப் பற்றி அவனிடம் தனியாகப் பேசியாயிற்று. அது வேறு கதை. ஆனால் நம் சங்கத்து உறுப்பினர் பலரின் பிள்ளைகள் அது சட்டப்படி விற்கப்படும் நாடுகளில் இருக்கிறார்கள். பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையின் விற்பனைக்குத் தடை வந்துவிட்டதால், திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் வகைதான் அங்கே கடைகளில் கிடைக்கும். மேலும், இதே பாட்டரிதான் நம் வீட்டு டார்ச்சிலும் பவர் பேங்க்கிலும் சிறு மின்விசிறியிலும் உட்கார்ந்திருக்கிறது.

இதன் பெயர் 18650. விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65. லித்தியம் அயனி வகையைச் சேர்ந்தது. 1991-இல் சோனி நிறுவனம் முதன்முதலாக வணிக முறையில் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை இது. அதற்கு அடித்தளமிட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பென்சில் செல்லுக்கு 1.5 வோல்ட், இதற்கு 3.6 அல்லது 3.7. முழுதாக சார்ஜ் ஆனால் 4.2. உள்ளே இருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றக் கூடியது. அளவுக்கு மீறிச் சூடேறினால் அந்தச் சூடே மேலும் சூட்டைப் பிறப்பிக்கும். பிறகு நிறுத்த முடியாது.

வாங்குபவர்கள் பெரும்பாலும் மில்லிஆம்பியர்-மணி என்ற எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். அது தொட்டியில் எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்ற கணக்கு. குழாயை எவ்வளவு திறக்கலாம் என்பது வேறு கணக்கு, அது ஆம்பியர். வேப் கருவிக்கு இரண்டாவதுதான் உயிர்நாடி. பள்ளியில் படித்த ஓம் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கருவியின் சூடேற்றும் சுருளுக்கு மின்தடை 1 ஓம் என்றால் 4.2 வோல்ட்டில் 4.2 ஆம்பியர் ஓடும். அதையே 0.2 ஓமாகக் குறைத்தால் 21 ஆம்பியர். சாம்சங் 25ஆர் என்ற பாட்டரி 2500 மில்லிஆம்பியர்-மணி கொள்ளும். தொடர்ந்து 20 ஆம்பியர் தரும். பானசோனிக் என்.சி.ஆர். 18650பி 3300-க்கும் மேல் கொள்ளும். ஆனால் தொடர்ந்து தரக்கூடியது 7 ஆம்பியருக்கும் கீழே. இரண்டாவது மட்டமான சரக்கல்ல, நிதானமாக வேலை செய்யும் கருவிக்கென்றே செய்யப்பட்டது. டார்ச்சுக்கு அருமையாகப் பொருந்தும். 0.2 ஓம் சுருளுக்குப் போட்டால் விபரீதம்.

மின்னணுச் சுற்று உள்ள கருவியில் வாட் கணக்கு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 60 வாட்டில் வைத்தால், பாட்டரி நிறைந்திருக்கும்போது 60-ஐ 4.2-ஆல் வகுத்து, சுமார் 14 ஆம்பியர். பாட்டரி வற்றி 3.2 வோல்ட்டுக்கு இறங்கும்போது கருவி அதே 60 வாட்டைத் தர முயன்று ஏறக்குறைய 19 ஆம்பியரை இழுக்கும். சுற்றில் வீணாவதையும் சேர்த்தால் 20-ஐத் தாண்டும். எனவே கணக்கை வற்றிய நிலைக்குப் போட வேண்டும். சுற்றே இல்லாத இயந்திர வகைக் கருவி என்றால், என்னைக் கேட்டால், வேண்டவே வேண்டாம். அதில் தவறைத் தடுக்க ஒன்றுமே இல்லை.

அடுத்தது போலி. எனக்கே நேர்ந்தது. இங்கே ஒரு கடையில் டார்ச்சுக்காக 9800 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சிட்ட பாட்டரி வாங்கினேன், விலையும் மலிவு. சமையலறைத் தராசில் வைத்தால் 30 கிராம் கூடத் தேறவில்லை. உண்மையான 18650 சுமார் 45 முதல் 50 கிராம் இருக்கும். இந்த அளவுள்ள உறைக்குள் நல்ல நிறுவனங்கள் அடைப்பது பெரும்பாலும் 3500-க்குள்தான். 5000, 9000 என்றெல்லாம் போட்டிருந்தால் எண்ணே பொய் சொல்கிறது. ஆம்பியரிலும் இதே புளுகு உண்டு. பழைய மடிக்கணினிகளிலிருந்து உருவி, புது உறை மாட்டி விற்பதும் நடக்கிறது. இந்தியாவில் வாங்கும்போது ஐ.எஸ். 16046 தர முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021-இல், இந்த 18650-ஐ உதிரியாக வாங்கிப் பயன்படுத்தவே வேண்டாம் என்று எச்சரித்தது. இவை பாதுகாப்புச் சுற்றோடு கட்டப்பட்ட தொகுப்புகளில் பொருத்தப்பட வேண்டியவை. ஆகவே மாப்பிள்ளைக்கு நான் சொன்ன முதல் யோசனை, விடுவதாக இல்லையென்றால் பாட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட, பெயருள்ள நிறுவனத்தின் சிறு கருவியோடு நிறுத்திக்கொள் என்பதுதான்.

உறையைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டரியின் மேல்முனை மட்டும்தான் நேர்முனை. மற்ற உடம்பு முழுவதும் எதிர்முனை. மேல்முனையைச் சுற்றி எதிர்முனையின் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் தூரத்தில் நிற்கிறது. இடையே காப்பது ஒரு வெள்ளை வளையமும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும்தான். அந்த இடத்தில் உறை கிழிந்தால் ஒரு நாணயமோ சாவியோ பட்டாலே போதும்.

சார்ஜர் 4.2 வோல்ட்டில் தானாக நிற்பதாக இருக்க வேண்டும். 2500 கொள்ளளவுக்கு 1 ஆம்பியர் அளவில் நிதானமாக ஏற்றுவது நல்லது. தலையணைக்கு அருகில் வைத்து இரவெல்லாம் ஏற்றாதீர்கள். இரண்டு பாட்டரி போடும் கருவியில், ஒரே நாளில் வாங்கிய ஒரே வகை ஜோடியை எப்போதும் சேர்த்தே பயன்படுத்தி, சேர்த்தே மாற்ற வேண்டும். தில்லிக் கோடையில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுப் போகக் கூடாது. விமானத்தில் உதிரி பாட்டரியைச் சரக்குப் பெட்டியில் போட அனுமதியில்லை. முனைகளைக் காப்பிட்டுக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: 14500 என்ற தம்பியும் உண்டு. அச்சாக நம் பென்சில் செல் உருவம், ஆனால் வோல்ட் இரண்டு மடங்குக்கும் மேல். பேரனின் பொம்மையிலோ சுவர்க்கடிகாரத்திலோ மாற்றிப் போட்டால் அது பாழ்.

என் மருமகனின் பாட்டரியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். நேர்முனை ஓரத்தில் உறை நகக்கண் அளவு கிழிந்திருந்தது. இரு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டேன். ஊருக்குப் போனபின் மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டரிப் பெட்டி ஒன்றின் படத்தை அனுப்பியிருக்கிறான். அவன் அம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது.