உயில் எழுதியாச்சு... கடுதாசி?

'உயில்' என்றாலே நம்ம ஆபீஸ் இளைஞர்களுக்குச் சிரிப்பு. "எழுதறதுக்கு என்ன சார் இருக்கு? ஒரு பைக்... அதுக்கும் 12 மாச டியூ பாக்கி!"

சிரிக்கட்டும். அப்பாவுக்கு ஊரில் அரை ஏக்கராவது இருக்குமே? அந்த அரை ஏக்கரால் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தங்கைகளை எண்ண ஆரம்பித்தால், கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் பத்தாது.

கொல்லிமலையைச் சும்மா இழுக்கவில்லை. உயிலோடு ஒரு கடிதமும் வேண்டும் என்பது எனக்கு உறைத்தது அங்கேதான். செம்மேட்டு டீக்கடையில் ஒரு பெரியவர். மலையாளிப் பழங்குடி (கேரளா இல்லை சார், இந்த மலைக்காரர்). சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றிய தோட்டம், சொந்தச் சம்பாத்தியம். இரண்டு பையன், ஒரு பெண்.

"பொண்ணுக்கும் ஒரு பங்கு எழுதிப்போட்டேன் தம்பி. பசங்க மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டுத் திரியறானுக!"

அவர் செய்தது சரியான காரியம். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடிகளுக்குத் தானாகப் பொருந்தாது. 2025 ஜூலையில்தான் சுப்ரீம் கோர்ட், சத்தீஸ்கர் கோண்டு குடும்பம் ஒன்றின் வழக்கில், மகள் வழி வாரிசுகளுக்கும் தாத்தா சொத்தில் சமபங்கு உண்டு என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் டில்லி வரை போய் வாங்க வேண்டியிருந்தது. உயில் இருந்தால் அந்த அலைச்சல் குறையும்.

சரி, தூக்கி வைத்த மூஞ்சி? அதற்கு உயிலில் மருந்து இல்லை. 'யாருக்கு எது' என்பதோடு உயில் நிறுத்திக்கொள்ளும். 'ஏன்' என்று சொல்ல வேண்டியது கடிதம். வெளிநாட்டு வக்கீல்கள் 'லெட்டர் ஆஃப் விஷஸ்' என்பார்கள். நாம் விருப்பக் கடிதம் என்போம்.

"அம்மா படுக்கையில் கிடந்தப்போ தங்கச்சிதான் பார்த்துக்கிட்டான்னு எழுதி வைங்களேன்" என்றேன்.

"அது அவனுகளுக்கே தெரியுமே!"

"தெரியும். ஆனா உங்க வாயால கேட்டதில்லையே, ஐயா."

பெரியவர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறென்ன எழுதலாம்? பலா மரத்தை வெட்டாமல் பழத்தைப் பங்கு போடுங்கள். சாமை, தினை விதையை இன்னார் காப்பாற்றட்டும். இன்னாருக்குக் கைமாத்து பாக்கி. பத்திரம் எந்தப் பெட்டியில். காரியத்தை ஆடம்பரமில்லாமல் செய்யுங்கள்... இப்படி.

ஒரு எச்சரிக்கை. இது விருப்பம்தான், கட்டளை அல்ல. நேருவைப் பாருங்கள். 1954-இல் எழுதிய உயிலிலேயே, தனக்கு மதச் சடங்குகள் வேண்டாம் என்றார். அஸ்தியில் ஒரு பிடியைக் கங்கையில் கரைத்துவிட்டு, பெரும்பகுதியை விமானத்திலிருந்து வயல்களில் தூவச் சொன்னார். 1964-இல் தூவினார்கள். ஆனால் சடங்கும் நடந்தது! பிரதமருக்கே அந்தக் கதி.

அதனால் சில விஷயங்களில் உஷார்:

* சொத்துப் பங்கீடு உயிலில் மட்டும். உங்கள் கையெழுத்து, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து அவசியம். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது.

* கடிதத்தில் பங்கை மாற்றி எழுதாதீர்கள். உயில் ஒன்று சொல்லி, கடிதம் வேறு சொன்னால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அல்வா!

* தேதி போடுங்கள். மனசு மாறினால் பழசைக் கிழித்துவிட்டுப் புதுசு எழுதுங்கள்.

* பேங்க் லாக்கரில் பூட்டாதீர்கள். பதினாறாம் நாள் கழித்துத் திறந்தால் 'காரியம் வேண்டாம்' என்ற வரியை யார் படிப்பது?

* யாரையும் திட்டாதீர்கள். பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். திட்டு மட்டும் இருக்கும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் "உயில் எழுதிட்டீங்களா?" என்று கேட்டு வைக்காதீர்கள். 'பய நாள் எண்றான்' என்று நினைப்பார். முதலில் உங்கள் கடிதத்தை நீங்கள் எழுதுங்கள். அவரிடம் படிக்கக் கொடுங்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அந்தப் பேனாவை இப்படிக் கொடு" என்பார்.