கதையில் வந்த காட்டுமிராண்டிகள்

ஏரலில் தாமிரவருணிக் கரையில் அமர்ந்து நான் முதன்முதலாகப் படித்த சாகசக் கதை ‘ராபின்சன் குரூசோ’. தனித்தீவில் வாழும் வெள்ளையன் துப்பாக்கியை நீட்டி, கரையேறிய ‘காட்டுமிராண்டி’களைச் சுட்டு வீழ்த்தும் இடத்தில் நான் கைகொட்டி மகிழ்ந்தேன். அத்துப்பாக்கிக்கு எந்தப் பக்கத்தில் என் முன்னோர் நின்றார்கள் என்று அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

1719-இல் டானியல் டீபோ எழுதிய அந்நூலில், தன்னால் உயிர் பிழைத்த ஒருவனுக்குக் குரூசோ ‘வெள்ளிக்கிழமை’ என்று பெயரிடுகிறான். தன்னை ‘எஜமான்’ என்றழைக்கக் கற்பிக்கிறான். உன் பெயர் யாதென்று கேட்கவேயில்லை.

1890-இல் கானன் டாயில் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலும் இக்கண்ணோட்டமே. அந்தமான் தீவினர் நரமாமிசம் தின்பவர் என்று அதில் ஹோம்ஸ் ஒரு நூலிலிருந்து படித்துக் காட்டுகிறார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, அந்தமானில் அதிகாரியாயிருந்து அம்மக்களின் மொழியைக் கற்ற ஈ. எச். மான், அப்பழி ஆதாரமற்றது என்று எழுதியிருந்தார். உண்மை அச்சேறித்தான் இருந்தது. கதைக்கு அது வேண்டியிருக்கவில்லை.

வெள்ளையர் எல்லாரும் இப்படியே எழுதினர் என்று கொள்ளலாகாது. நம் சீமையில் போர் புரிந்த கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பியதும், மே 24-இல் அது வீழ்ந்ததும் அதில் உள்ளன. நோயாளி போல் மெலிந்த அந்த இளைஞரின் ஒரு சைகைக்கு மக்கள் பணிந்ததை வெல்ஷ் வியந்து எழுதுகிறார்.

அவர் கூறும் ஒரு செய்தியை நான் மறந்ததேயில்லை. கோட்டை வீழ்ந்தபின், குற்றுயிராய்க் கிடந்த மகனைத் தேடி ஒரு தாய் வந்தாள். மகனோ, தன்னை விட்டுவிட்டு அருகே கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி வேண்டினானாம். ‘சாமி’ என்றது ஊமைத்துரையை. அவரைத் தூக்கிச் சென்ற பெண்கள், எட்டயபுரத்து ஆட்கள் தேடி நெருங்கியபோது வெள்ளைத் துணியால் அவரை மூடி, பிள்ளை அம்மையில் மாண்டான் என்று ஓலமிட்டனர். வந்தவர்கள் அஞ்சி ஓடினர்.

வெல்ஷ் நமக்கு நண்பர் அல்லர். அவர் பணியாற்றிய படைதான் அக்கோட்டையைத் தகர்த்தது. அவ்வாண்டு நவம்பரில் ஊமைத்துரை தூக்கிலிடப்பட்டார். ஆயினும், எதிரிப் படைவீரனுக்கும் தேடிவர ஒரு தாய் உண்டு என்பது அந்நூலில் இடம்பெற்றுவிட்டது.

குரூசோவை இன்றும் விரும்பிப் படிக்கிறேன். அவன் மட்பாண்டம் வனையப் படும் பாடு எனக்கு அலுப்பதேயில்லை. துப்பாக்கி வெடிக்கும் பக்கம் வந்ததும், கரையில் விழுந்தவர்களைத் தேடி யார் வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.